கபூலா போடாத கையெழுத்து

ஞாயிறு, மாலை 3.40. ஆஸ்லோவின் கார்டர்மூன் விமான நிலையத்தில் இறங்கியபோது என் கைக்கடிகாரம் ராமநாதபுரத்து நேரப்படி ஏழு பத்து என்று சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, மே மாதத் தொடக்கம். கிளம்பிய அன்று எங்கள் ஊரில் செருப்பில்லாமல் வாசலில் நிற்க முடியாத வெயில். இங்கே ஒன்பது டிகிரி. அழைத்துப்போக வந்திருந்த யோகா, என் கழுத்தில் ஒரு கம்பளித் துண்டைச் சுற்றிவிட்டு, "நல்ல வெயில் நேரமாப் பார்த்து வந்திருக்கிறாய்" என்றாள். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னாள்.

யோகா யாழ்ப்பாணத்துக்காரி. மண்டபம் அகதி முகாமில் இருந்த இரண்டு வருஷம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். பிறகு நார்வேக்கு வந்து, இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து பாதாள ரயிலில் இருபது நிமிடத்துக்குள் யோகா குடியிருக்கும் புருசெத். வரிசையாக அடுக்குமாடிகள், நடுவே புல்வெளி. லிப்டில் இரண்டு தமிழ்க் குரல் கேட்டது. வீட்டுக்குள் போனதும் தேங்காய்ப்பால் சொதி வாசனை வந்தது. இதற்கா இவ்வளவு தூரம் பறந்து வந்தேன் என்று தோன்றிவிட்டது.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பாழாய்ப் போன பொது நிலத்தை ஊர்க்காரர்களே மீட்டெடுப்பது பற்றி நான்கு நாள் பட்டறை. அழைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ஆசியாவுக்கு ஒப்புக்கு என்னைச் சேர்த்திருந்தார்கள் என்பது என் சந்தேகம்.

திங்கள், காலை 9.00. ஒன்பது என்றால் ஒன்பது. எட்டு ஐம்பத்தெட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆக்கர் ஆற்றங்கரையில் பழைய செங்கல் கட்டடம் ஒன்றின் மாடி. முதல் பேச்சு, தான்சானியாவின் சின்யாங்கா பகுதியிலிருந்து வந்திருந்த கபூலாவுடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவர். அச்சடித்த சிவப்புத் துணியை இடுப்பில் சுற்றி, அதற்கு மேல் இரவல் வாங்கிய தடித்த குளிர்க்கோட்டு. அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மேல். நாங்கள் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

அவர் ஊர்ப்பக்கம் ஒரு காலத்தில் மரமே இல்லாமல் போயிற்றாம். காடு அழிந்தது, பருத்தி வந்தது, மாடு பெருகியது, மிஞ்சியது புழுதி. விறகுக்குப் பெண்கள் அரை நாள் நடந்தார்கள். பிறகு பழைய வழக்கம் ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஊருக்குப் பொதுவான ஒரு நிலத்தை மழைக்காலம் முழுக்க அடைத்துவிடுவது. ஒரு மாடும் உள்ளே போகக்கூடாது. புல் இடுப்பளவு வளர்ந்து நின்றபடியே காய்ந்துவிடும். வேறெங்கும் மேய்ச்சல் இல்லாத மாதங்களில் பகுதி பகுதியாகத் திறப்பார்கள். முதலில் உழவு மாடும் கன்றும், பிறகு மற்றவை. அதற்கு அவர்கள் மொழியில் 'ங்கிட்டிலி' என்று பெயர். எனக்கு வாயில் நுழையவில்லை. அடைப்புக்காடு என்றே எழுதுகிறேன்.

அங்கே இப்போது நிற்கும் மரங்களில் பெரும்பாலானவற்றை யாரும் நடவில்லை என்றார் கபூலா. எப்போதோ வெட்டிய மரங்களின் வேர் மண்ணுக்குள் உயிரோடு இருந்திருக்கிறது. மாடு கடிக்காமல் விட்டதும் துளிர்த்துக்கொண்டது. ஒரு தூரில் இருபது கொம்பு முளைத்தால் திடமான மூன்றை விட்டு மற்றதைக் கழித்துவிடுவார்கள். அவ்வளவுதான் வேலை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இது தலைகீழ்ப் பாடம். ராமநாதபுரம் மாவட்டத்தில் பதினெட்டு வருஷமாக நான் செய்வது சீமைக் கருவேலத்தின் தூரைத் தோண்டிப் போடுவது. துளிரைக் கண்டாலே எனக்குக் கை அரிக்கும்.

என் முறை வந்தது. எங்கள் கண்மாய்க்கு மேற்கே உள்ள மேய்ச்சல் புறம்போக்கில் கருவேலத்தை வேரோடு எடுத்து, வேலி போட்டு, நாட்டு மரம் நடப்போகிறோம், அடுத்த புதன்கிழமை ஊர்க்கூட்டத்தில் கையெழுத்தாகிறது என்று படம் காட்டினேன். கை தட்டினார்கள். கபூலா மட்டும் எழுந்து, "இப்போது அங்கே மேய்ப்பது யார்?" என்று கேட்டார்.

"கீதாரிகள். செம்மறிக் கிடையோடு ஊர் ஊராகப் போகிறவர்கள். இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் போயிருக்கிறார்கள். ஐப்பசியில்தான் திரும்புவார்கள்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மதியம் சாப்பாட்டு மேசையில் தன் கவலையைச் சொன்னார். பட்டறையை நடத்தும் அமைப்பு அவர் ஊருக்கு ஒரு ஒப்பந்தம் தயாரித்து வைத்திருந்தது. ஊருக்கு ஒரு குளம் வெட்டித் தருவார்கள். அதே ஒப்பந்தத்தில், அடைப்புக்காட்டில் பாதியை நிரந்தரமாக வேலி போட்டு, சீக்கிரம் வளரும் மரக்கன்று நடுவார்கள். வியாழக்கிழமை கையெழுத்து. குளத்துக்காக ஊர் பல வருஷம் காத்திருக்கிறது. தண்ணீருக்குப் போய்வர இப்போது மூன்று மணி நேரம். ஆனால் வேலி போட்டால், சொந்த நிலமில்லாதவர்களின் ஆடு மாடுகளுக்குக் கோடையில் போக இடமில்லை.

"ஊர் என்ன சொல்லி அனுப்பியது?" என்று கேட்டேன்.

"கேட்டுக்கொண்டு வா, நம் நிலைமையைச் சொல்லிவிட்டு வா, சரி என்று மட்டும் சொல்லாதே என்றார்கள். மாட்டோடு தெற்கே போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் இல்லாமல் எங்கள் கூட்டம் முடிவு எடுக்காது."

செவ்வாய், மாலை 5.15. மூன்று வேளையும் ரொட்டியும் குளிர்ந்த மீனும் தின்று கபூலா வாடிப்போயிருந்ததால், சோறு போட யோகா வீட்டுக்கு அழைத்து வந்தேன். கோழிக்கறியை வாயில் வைத்ததும் அவர் முகத்தில் களை வந்தது. இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டிருந்தபோது யோகா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கெதியாச் சாப்பிடுங்கோ. ஆறு மணிக்கு டுக்னாட்."

"அதென்ன பூசையா?" என்றேன்.

"இல்லையடி. வருசத்தில ரெண்டு தரம் இந்த வளவில இருக்கிற எல்லாரும் கீழை இறங்கித் துப்புரவாக்கவேணும். சம்பளம் இல்லை. முடிய வாஃபிளும் கோப்பியும் தருவினம்."

"போகலைன்னா?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். ஆனா ஒரு வருசத்துக்கு ஒரு மாதிரிப் பார்ப்பினம்."

கபூலாவுக்கு மொழிபெயர்த்தேன். தட்டை வைத்துவிட்டு எழுந்தார். "எங்கள் ஊரிலும் பார்ப்பார்கள்" என்றார்.

கீழே நாற்பது பேர் இருப்பார்கள். நார்வேக்காரர்கள், பாகிஸ்தானியர், சோமாலியர், நம் ஆட்கள் ஏழெட்டுக் குடும்பம். மஞ்சள் சட்டை போட்ட ஊத்வார் என்ற ஓய்வுபெற்ற மனிதர் கையில் பட்டியலோடு வேலை பிரித்துக் கொடுத்தார். எனக்கு இலைதழை கூட்டும் வேலை. கபூலாவிடம் ஒரு பெரிய கத்தரியைக் கொடுத்து, புல்வெளி ஓரத்தில் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மேப்பிள் மரத்தின் அடிக்கட்டையைக் காட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன் வெட்டியதாம். சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கொம்புகள். அதைச் சுத்தம் செய்யச் சொல்லி, சைகையாலும் காட்டிவிட்டுப் போனார்.

இருபது நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தேன். கபூலா கட்டையைச் சுற்றி மூன்று முறை நடந்து பார்த்து, இடைவெளி விட்டு மூன்று கொம்பைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கழித்திருந்தார். அந்த மூன்றிலும் கீழ்க்கிளைகளை நறுக்கி, மேலே மட்டும் துளிரை விட்டுவைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு முடி வெட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவர் அளவில் அதுதான் சுத்தம் செய்வது. ஊத்வார் வந்தார், பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடியும் கட்டையைப் பார்த்தார்.

அவர் நார்வேஜிய மொழியில் சொன்னதை யோகா தமிழில் எனக்குச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் கபூலாவுக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் வெட்ட வேண்டும் என்கிறார். கபூலா அசையவில்லை. "இதன் வேர் முழு மரத்தின் வேர். கன்று நட்டால் பதினைந்து வருஷம் ஆகும். இதை விட்டால் ஐந்தே வருஷத்தில் இந்தப் பெஞ்சுக்கு நிழல் வரும்" என்றார். நான் யோகாவிடம் சொல்ல, யோகா ஊத்வாரிடம் சொன்னாள்.

ஊத்வார் தலையைச் சொறிந்தார். நீளமாக ஏதோ சொன்னார்.

"தனக்கும் விருப்பம்தானாம்" என்றாள் யோகா. "ஆனா வருடாந்தப் பொதுக்கூட்டத்தில இதை முழுக்க எடுக்கிறதெண்டு தீர்மானிச்சிட்டினமாம். தான் ஒராள் மாத்தேலாதாம்."

கபூலாவிடம் சொன்னேன். "கூட்டமா? இங்கே குடியிருப்பவர்களின் கூட்டமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எல்லோரும் இருந்தார்களா?" யோகாவிடம் கேட்டுச் சொன்னேன்: வீட்டுக்கு ஒருவர் வரலாம், முன்கூட்டியே கடிதம் போடுவார்கள், யோகாவே போயிருக்கிறாள்.

கபூலா குனிந்தார். சற்று முன் அத்தனை பிரியமாகச் சீவி விட்ட மூன்று கொம்பையும் ஒவ்வொன்றாக அடியோடு வெட்டிப் போட்டார். கத்தரியைத் துடைத்து ஊத்வாரிடம் நீட்டினார். ஊத்வாருக்குத்தான் சங்கடமாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் தான் இதைப் பேசுவதாக இரண்டு முறை சொன்னார். வாஃபிள் தந்தபோது கபூலாவுக்கு மட்டும் ஜாம் இரட்டிப்பாக விழுந்தது. இந்த மனுஷிக்கு எங்கே பிடிவாதம், எங்கே பணிவு என்று எனக்குப் பிடிபடவில்லை.

புதன், மதியம் 2.00. எங்களை நகரத்துக்கு வடக்கே சொங்ஸ்வான் ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். பாதாள ரயிலின் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே காடு. வேலி இல்லை, காவலாளி இல்லை, டிக்கெட் இல்லை. யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம், பழம் பறிக்கலாம். இது இங்கே பழைய உரிமையாம். இவ்வளவு பேர் நடக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கூடக் கண்ணில் படவில்லை. பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடந்துகொண்டே கபூலாவுக்கு உபதேசம் செய்தேன். "கையெழுத்துப் போட்டுவிடுங்கள். முதலில் குளம் வரட்டும். வேலியைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்வோம்."

"யாரோடு பேசிக்கொள்வது?"

"திரும்பி வருகிறவர்களோடு."

"வேலி போட்ட பிறகு பேச என்ன இருக்கும்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஏரியில் வாத்து நன்றாக நீந்துகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

சிறிது தூரம் போனபின் ஒரு உதவி கேட்டார். அவர்கள் ஊர் வழக்கத்தில் ஊருக்காகப் பேசப் போகிறவர் தனியாகப் போவதில்லை. பேச ஒருவர், கூடவே கேட்டு நினைவில் வைத்துக்கொள்ள ஒருவர். கேட்பதற்கு வரவேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். "நாளைக்கு நீங்கள் வந்து கேட்டுக்கொள்கிறீர்களா? பேச வேண்டாம்." பேச வேண்டாம் என்று என்னிடம் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. சம்மதித்தேன்.

வியாழன், காலை 10.00. அமைப்பின் சார்பில் மரித் என்ற பெண். நாற்பது வயது, கபூலாவின் ஊருக்கு இரண்டு முறை போய்த் தங்கியவர். வந்ததும் கபூலாவின் மருமகள் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். ஆறு மாதக் கர்ப்பம் என்றார் கபூலா. மேசையில் ஒப்பந்தம் இரண்டு பிரதி, பக்கத்தில் பேனா.

கபூலா அடைப்புக்காட்டின் எந்தப் பக்கத்தில் யார் மாடு எந்த மாதம் மேயும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதியை வேலி போட்டால் யார் யார் வெளியே நிற்பார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். பதினோரு குடும்பம். பிறகு, "குளம் வேண்டும். வேலிக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மழை தொடங்கி எல்லோரும் திரும்பியதும் கூடிச் சொல்கிறோம்" என்றார்.

மரித் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். பிறகு வந்து மெதுவாகச் சொன்னார். இரண்டும் ஒரே திட்டம். இப்போது கையெழுத்தாகாவிட்டால் இந்த வருஷக் குளம் பட்டியலில் அடுத்துள்ள ஊருக்குப் போய்விடும். அதைத் தடுக்கத் தன்னால் முடியாது. "உங்களுக்கு நன்றாகப் புரிகிறதா, கபூலா?"

எனக்கு நாக்கு துடித்தது. ஒரு கையெழுத்து. மூன்று மணி நேர நடை. வயிற்றுப் பிள்ளைக்காரி. போடுங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவர்மேல் கோபம் கூட வந்தது. கேட்பதற்கு மட்டுமே வந்தவள் என்பதால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"புரிகிறது" என்றார் கபூலா. "அடுத்த ஊர் எது?"

மரித் பெயரைச் சொன்னார்.

"அங்கேயும் பெண்கள் தூரம்தான் நடக்கிறார்கள்" என்று சொல்லி, பேனாவை மரித் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டார்.

அடுத்து மரித் செய்த காரியத்துக்காக அவரை நான் மறக்க மாட்டேன். கபூலா சொன்னதை எல்லாம், பதினோரு பெயர் உட்பட, கையால் எழுதினார். முழுவதையும் திரும்பப் படித்துக் காட்டி, "நான் எழுதியது சரிதானா?" என்று கேட்டார். ஒரு பெயர் தவறியிருந்தது, திருத்தினார். குளத்தையும் வேலியையும் தனித்தனி ஒப்பந்தமாக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதுவேன், நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். இனிப்பாக ஒரு பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை.

யெர்ன்பானெதோர்கெ நிலையத்தில் புருசெத் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தோம். கபூலா கோட்டுக்குள்ளிருந்து சிவப்புத் துணியின் நுனியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இரண்டு ரயில் போனது. "இந்தக் கோடையிலும் அவள் நடப்பாள்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தப்பு செய்துவிட்டீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை, சரியாகச் செய்தீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. என் வாழ்நாளில் எத்தனையோ திட்டத் தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளி, காலை 8.30. கார்டர்மூன். ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போகும் கபூலாவின் விமானம் என்னுடையதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். வழியனுப்ப வந்திருந்த யோகா ஒரு டப்பா நிறையச் சோறும் கறியும் கட்டிக் கொடுத்திருந்தாள். நேற்று மேசையில் கேட்டதை எல்லாம் என்னை ஒருமுறை சொல்லச் சொன்னார் கபூலா. பதினோரு பெயரையும் சொல்லி முடித்தேன். ஒன்றில் தடுமாறியபோது எடுத்துக் கொடுத்தார்.

"ஊருக்குப் போனதும் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?"

"மருமகளிடம். தண்ணீருக்குப் போகும்போது நானும் கூடப் போவேன். நடந்துகொண்டே சொல்வேன்." கையைக் குலுக்கிவிட்டு, பாதுகாப்புச் சோதனை வரிசையில் போய் நின்றார். அவர் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காப்பி இருபத்தைந்து க்ரோனர். நம் ஊரில் அந்தக் காசுக்கு ஒரு கூட்டத்துக்கே டீ வாங்கலாம். வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். இந்த ஐந்து நாளில் பார்த்ததில் எதை ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று யோசித்தேன். வேலியில்லாத காட்டையும் ஏரியையும் கொண்டுபோக முடியாது. எங்கள் மண்ணும் மழையும் வேறு. ஆனால் கடிதம் போட்டு எல்லோரையும் வரச் சொல்லிக் கூட்டம் நடத்த எந்த மண்ணும் தடையில்லை. அந்தப் புறம்போக்குக்கு நாங்கள் வைத்திருந்த கூட்டம் மே மாதத்தில். அந்த மாதத்தைக் குறித்தது நான். ஏன் குறித்தேன் என்பதும் எனக்குத் தெரியும்.

யோகாவிடம் கைபேசியை வாங்கி, எங்கள் அலுவலகத்தில் களவேலை பார்க்கும் முத்துராஜைக் கூப்பிட்டேன். அங்கே அப்போது மதியச் சாப்பாட்டு நேரம்.

"எல்லாம் ரெடிக்கா" என்றான். "புதன்கிழமைக்குப் பந்தல் சொல்லியாச்சு. தலைவரும் வந்திர்றேன்னுட்டாரு."

"பந்தலை வேணாம்னு சொல்லிரு. ஐப்பசியில கீதாரிங்க வந்தப்புறம் கூட்டத்தை வச்சுக்குவோம்."

"அவுங்க இல்லாதப்பவே முடிச்சிரலாம்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

"அவுங்க வந்தா ஒத்துக்க மாட்டாங்களேக்கா."

"தெரியும்" என்றேன்.